பழைய கோச் “தப்பு என்னுது” என்று சொன்னால் ரசிகர்கள் என்ன செய்வது

பெரியமேட்டில் ஜெர்சி பிரிண்டிங் கடை வைத்திருக்கிறேன். 2006-ல் ஒரு ஹீட் பிரஸ், ஒரு வினைல் கட்டிங் மெஷினோடு தொடங்கியது. நேரு ஸ்டேடியம் நடக்கிற தூரம்தான். அதனால் மேட்ச் நாளில் ஃபுட்பால் பேசாத ஆள் கடைக்குள் வருவதில்லை. முதுகில் பேரும் நம்பரும் ஒட்ட வருகிறவர்கள், ஒட்டியது சூடு ஆறும்வரை நின்று பேசுவார்கள். அந்தப் பேச்சில் அதிகம் திட்டு வாங்குகிறவர் கோச். வேலையை விட்டுப் போன பிறகும் அவரை விடமாட்டார்கள்.

சில சமயம் அந்தப் பழைய கோச்சே முன்னால் வந்து, “அன்னைக்கு நான் பண்ணது தப்பு” என்று சொல்லிவிடுகிறார். அப்போது என்ன செய்வதென்று ரசிகர்களுக்குத் தெரிவதில்லை. எங்கள் ஏரியா டீமில் அப்படி நடந்தபோது எங்களுக்கும் தெரியவில்லை. எல்லோரும் சேர்ந்து அந்த நாளைக் கெடுத்தோம். பிறகு எதைச் சரிசெய்ய முடிந்தது, எதை முடியவில்லை என்பதை வைத்து இதை எழுதுகிறேன். உங்கள் டீம் வியாசர்பாடியில் இருக்கலாம், வேளச்சேரியில் இருக்கலாம், நீங்கள் டிவியில் மட்டும் பார்க்கிற வெளிநாட்டு கிளப்பாகவும் இருக்கலாம். அடுத்த முறை ஒருவர் இப்படி மைக்கைப் பிடிக்கும்போது கையில் ஒரு வழி இருக்கட்டும்.

எங்களுக்கு நடந்தது

டீம் பேரும் அவர் பேரும் வேண்டாம். மாஸ்டர் என்றே சொல்கிறேன், நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். 2012. வட சென்னையில் கீழ் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த டீம். லீக்கின் கடைசி ஆட்டத்தை ஜெயித்தால் மேலே போகலாம். இடது பக்கம் தடுத்து ஆடுகிற எங்கள் லெஃப்ட் பேக்குக்கு அப்போது 19 வயது, ஜெர்சி நம்பர் 3. ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் பிராக்டிஸில் முட்டி திரும்பி வீங்கியிருந்தது. க்ரேப் பேண்டேஜைச் சுற்றி, ஸ்ப்ரே அடித்து இறக்கினார்கள். இரண்டாம் பாதியில் எதிர் டீம் விங்கர் அவனைத் தாண்டப் போனபோது, திரும்பிய காலிலேயே உட்கார்ந்துவிட்டான். அந்தப் பக்கமாகவே கோல் விழுந்தது. 1-0 என்று தோற்றோம்.

அன்று சாயங்காலம் நாங்கள் வழக்கமாக நிற்கிற டீக்கடையில் மாஸ்டர் சொன்னார்: “நான் வேணாம்னுதான் சொன்னேன். அவன்தான் ஆடியே தீருவேன்னு அடம் புடிச்சான்.” நம்பிவிட்டோம். அந்தப் பையன் சில வாரம் “இல்லண்ணே, நான் சொன்னேன்ணே” என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தான். அப்புறம் கிரவுண்ட் பக்கம் வருவதையே விட்டுவிட்டான். முட்டியில் ஏ.சி.எல். என்கிற தசைநார் கிழிந்திருந்தது. பிறகு அவன் ஆடவே இல்லை. அடுத்த சீசனுக்கு ஜெர்சி அடித்தவன் நான்தான். 3-ஐ வேறு பையன் பேரோடு ஒட்டினேன்.

13 வருஷம் கழித்து, புது சீசன் ஜெர்சி கொடுக்கிற விழாவுக்கு மாஸ்டரை விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். கோச்சிங்கை விட்டுச் சில வருஷம் ஆகியிருந்தது. மைக்கை வாங்கினார். “2012-ல மூணாம் நம்பரை இறக்குனது நான். முட்டி வலிக்குது, வேணாம் மாஸ்டர்னு அவன் ரெண்டு தடவ சொன்னான். நான் கேக்கல. அப்புறம் பழியையும் அவன் மேலயே போட்டேன். தப்பு என்னுது.”

முன்வரிசையில் சிலர் கை தட்டினார்கள். பின்னாலிருந்து ஒருவர், “இன்னா மாஸ்டர், பதிமூணு வருஷம் கழிச்சா?” என்று கத்தினார். நாற்காலி ஒன்று உதைபட்டது. வயதான ரசிகர் ஒருவர் மேடையேறி மாஸ்டரைக் கட்டிக்கொண்டு அழுதார். பையன்கள் எல்லோர் கையிலும் போன். பத்து நிமிஷத்துக்குள் மூன்று வாட்ஸ்அப் குரூப்பில் வீடியோ வந்துவிட்டது. “நான் கேக்கல” என்பதிலிருந்து ஆரம்பிக்கிற 22 செகண்ட் துண்டு, பின்னணியில் வயலின். கீழே ஒருவன் “மாஸ்டர் வேற லெவல்” என்று போட்டிருந்தான்.

மூணாம் நம்பர் தம்பி இப்போது டாடா ஏஸ் ஓட்டுகிறான். அந்த நேரத்தில் கோயம்பேட்டில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். அங்கே நின்றபடி போனில் பார்த்திருக்கிறான். பின்னால் என்னிடம் சொன்னான்: “எனக்கு யாரும் சொல்லலண்ணே. ஃபார்வேர்டுல வந்துச்சு.”

நானும் அன்று அவனைக் கூப்பிடவில்லை. அவன் நம்பர் என் போனிலேயே இருந்தது.

உடனே செய்ய வேண்டியது

போனைப் பாக்கெட்டில் வையுங்கள். ஏற்கெனவே ரெக்கார்ட் ஆகிக்கொண்டிருந்தால் முழுசாக எடுங்கள், வெட்டாதீர்கள், அன்று யாருக்கும் அனுப்பாதீர்கள். நீங்கள் குரூப் அட்மின் என்றால், அட்மின் மட்டும் பதிவிடும்படி அன்று ராத்திரிக்கு மாற்றிவிடுங்கள். செட்டிங்கில் இரண்டு தட்டு, அவ்வளவுதான். “காலையில திறக்கிறேன், முதல்ல சம்பந்தப்பட்டவர்கிட்ட பேசிட்டு வரோம்” என்று ஒரு வரி போட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நாங்கள் இதைச் செய்யவில்லை. அந்த 22 செகண்ட் துண்டை இன்றுவரை எங்களால் முழுதாக அழிக்க முடியவில்லை.

கை தட்டுவதையும் யோசியுங்கள். தட்டுகிற கை கெட்ட எண்ணத்தில் தட்டுவதில்லை, பேசி முடித்தவுடன் தட்டிப் பழகிவிட்டோம். ஆனால் கைதட்டல் விழுந்தவுடன் பேச்சு முடிந்ததாக ஆகிவிடுகிறது. மாஸ்டர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். கைதட்டலும் கத்தலும் சேர்ந்து அவரை உட்கார வைத்துவிட்டன. மைக்கில் ஒருவர் இப்படிப் பேசினால், அவரே உட்காரும்வரை சும்மா இருப்பதுதான் ரசிகர் செய்யக்கூடிய பெரிய உதவி.

வினைச்சொல்லைக் கவனியுங்கள்

முழு வீடியோ கிடைத்ததும் தனியாக உட்கார்ந்து, அவர் சொன்னதை ஒரு தாளில் அப்படியே எழுதுங்கள். நான் பில் புக்கின் பின்பக்கத்தில் எழுதினேன். காதில் கேட்கும்போது குரலும் கண்ணீரும் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். எழுதிப் பார்த்தால் வார்த்தை தனியாக நிற்கும்.

தமிழில் தப்பைச் சொல்ல நிறைய வழி இருக்கிறது. “தப்பு நடந்துடுச்சு” என்றால் மழை பெய்த மாதிரி அது தானாக நடந்தது, செய்தவர் யாரும் இல்லை. “தப்பாயிடுச்சு” என்பதும் அதே ஜாதி. “தப்பு பண்ணிட்டோம்” என்றால் ஆள் வந்துவிட்டார், ஆனால் கூட்டமாக வருகிறார். அதிலும் அவர் “நாங்க” என்கிறாரா, “நாம” என்கிறாரா என்று கேளுங்கள். “நாங்க” என்றால் கோச்சும் கமிட்டியும். “நாம” என்றால் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களையும் சேர்த்து இழுத்துவிட்டார் என்று அர்த்தம். “யாருக்காவது மனசு கஷ்டப்பட்டிருந்தா மன்னிச்சிக்கோங்க” என்பதில் அந்த “இருந்தா”வைப் பாருங்கள். கஷ்டப்பட்டார்களா இல்லையா என்பதே இன்னும் அவருக்குச் சந்தேகம்.

“நான் இறக்கினேன். அவன் வேண்டாம்னான். நான் பழி போட்டேன்.” இப்படி யார், யாருக்கு, என்ன என்று மூன்றும் இருந்தால் அது முழுப் பேச்சு. எங்கள் மாஸ்டர் பேசியதைத் தாளில் எழுதியபோது மூன்றும் இருந்தன. இதை அவருக்காக எல்லோரிடமும் சொல்வேன். 13 வருஷம் தாமதம் என்று கத்தியவர் சொன்னதும் உண்மை. மாஸ்டர் ஒரு வார்த்தையைக்கூட மறைக்கவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியும், ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்கத் தேவையில்லை.

ஆட்டத்தில் தப்பா, ஆளுக்குச் செய்த தப்பா

இதைப் பிரிக்காமல் பேசுவதால்தான் பாதிச் சண்டை.

அர்சென் வெங்கர் லண்டன் கிளப்பான ஆர்சனலில் 1996 முதல் 2018 வரை 22 வருஷம் கோச்சாக இருந்தார். 2017 மார்ச்சில் வெஸ்ட் பிராம் கிளப்போடு ஆர்சனல் ஆடிய மைதானத்தின் மேல் இரண்டு விமானங்கள் பேனரைக் கட்டிப் பறந்தன, ஒன்று அவர் போக வேண்டும் என்று, இன்னொன்று அவரை மதிக்க வேண்டும் என்று. அந்த வாரம் என் கடைக்கும் ஆர்சனல் பையன்கள் இரண்டு கோஷ்டியாக வந்தார்கள், ஒரே காலேஜ்காரர்கள். வேலையை விட்ட பிறகு பிரெஞ்சு வானொலி ஒன்றில், ஒரே கிளப்பில் அவ்வளவு காலம் இருந்ததே தன் தப்பாக இருக்கலாம் என்று அவர் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு ஒரு கோஷ்டி “பாத்தியா, நாங்க அப்பவே சொன்னோம்” என்றது. மற்ற கோஷ்டிக்குத் தொண்டை அடைத்தது. 2023-ல் ஆர்சனல் தன் மைதானத்துக்கு வெளியே அவருக்குச் சிலை வைத்தது. அந்த ஒப்புதலில் அடிபட்டவர் யார்? பெரும்பாலும் அவரேதான். இந்த மாதிரி விஷயத்தில் ரசிகர்கள் விடியவிடிய வாதாடலாம், யாருக்கும் காயமில்லை.

மான்செஸ்டர் யுனைடெட் கோச் அலெக்ஸ் ஃபெர்குசன் 2001-ல் தன் தடுப்பாட்டக்காரர் யாப் ஸ்டாமை இத்தாலி கிளப்பான லாசியோவுக்கு விற்றார். பிறகு பல வருஷம் கழித்து, அது தன் தப்பு என்று ஒப்புக்கொண்டார். ஸ்டாம் அதன் பிறகும் ஆடினார், 2005-ல் மிலானோடு சாம்பியன்ஸ் லீக் இறுதிவரை போனார். ஒரு ஆள் நகர்த்தப்பட்டார், ஆனால் அவர் ஆட்டம் அழியவில்லை. இது நடுவில் நிற்கிறது.

எங்கள் மாஸ்டர் விஷயம் மறு ஓரத்தில் நிற்கிறது. கோல் போனது ஆட்டத் தப்பு. முட்டி போனதும் பேர் போனதும் ஆளுக்குச் செய்த தப்பு. அன்று விழாவில் கத்தினவர்களில் பாதிப் பேர், நாங்கள் மேல் டிவிஷனுக்குப் போக முடியாமல் போனதற்காகக் கத்தினார்கள். நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன். தோற்ற வருத்தம் எனக்குப் புரியும். 2018 மார்ச் 17-ல் பெங்களூருவில் நம்ம ஊர் ஐ.எஸ்.எல். டீம் சென்னையின் எஃப்.சி. 3-2 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியதும், அடுத்த சீசனில் 18 ஆட்டத்தில் 2 வெற்றியோடு கடைசி இடத்தில் கிடந்ததும் என் கண் முன்னால் நடந்தவை. பி ஸ்டாண்டில் டிரம் அடித்த பையன்கள் கடையில் வந்து தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வருத்தம் உண்மை. ஆனால் அது அடுத்த சீசனில் ஆறும். கிழிந்த முட்டியோடு லோடு ஏற்றுகிறவன் வருத்தத்தின் பக்கத்தில் அதை வைக்கக் கூடாது.

நடுவில் இருந்த காலத்தை யார் சுமந்தது?

எனக்குத் தெரிந்து இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. தப்பு நடந்த நாளுக்கும் ஒப்புக்கொண்ட நாளுக்கும் இடையில் ஒரு காலம் இருக்கிறது. அத்தனை நாளும் அந்தப் பழி யார் தலையிலோ இருந்திருக்கிறது. காலத்தை எண்ணுங்கள், தலையைத் தேடுங்கள்.

2021 ஜூலை 11, வெம்பிளி. இத்தாலியோடு ஐரோப்பிய இறுதி ஆட்டம், பெனால்டியில் இங்கிலாந்து 3-2 என்று தோற்றது. ராஷ்ஃபோர்டு, சான்சோ, சாகா மூவரும் கோட்டை விட்டார்கள். சாகாவுக்கு அப்போது 19 வயது, எங்கள் பையனுக்கு இருந்த அதே வயது. கோச் சவுத்கேட், யார் அடிப்பது என்று முடிவு செய்தது தான்தான், பொறுப்பு தன்னுடையது என்று அன்று ராத்திரியே சொன்னார். இடைவெளி சில மணி நேரம்கூட இல்லை. அப்படியும் அந்த மூன்று பேர் மேல் நிறவெறி வசை கொட்டியது. மான்செஸ்டரில் ராஷ்ஃபோர்டின் சுவரோவியத்தைச் சேதப்படுத்தினார்கள். மறுநாள் அக்கம்பக்கத்து ஜனங்கள் வந்து இதயம் வரைந்த காகிதங்களையும் கடிதங்களையும் ஒட்டி அந்தச் சுவரை மூடினார்கள். கோச் சொன்னால் மட்டும் பழி இறங்கிவிடாது, ரசிகர்களும் கை கொடுத்து இறக்க வேண்டும் என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

2018 உலகக் கோப்பை. நடப்பு சாம்பியனான ஜெர்மனி தென் கொரியாவிடம் 2-0 தோற்று முதல் சுற்றோடு வீட்டுக்குப் போனது. கோச் யோவாகிம் லோவ், பந்தைத் தங்கள் வசமே வைத்துக்கொண்டு ஆதிக்கம் செலுத்தலாம் என்று தான் நினைத்தது பெரிய தப்பு, கிட்டத்தட்ட ஆணவம் என்று ஆகஸ்ட் 29-ல் சொன்னார். தெளிவான பேச்சு. ஆனால் இடையில் இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் அந்த டீமில் ஆடிய, துருக்கி வம்சாவளியைச் சேர்ந்த மெசுட் ஓசில் மேல் விமர்சனம் விழுந்துகொண்டே இருந்தது. துருக்கி அதிபரோடு அவர் எடுத்துக்கொண்ட புகைப்படத்தையும் தோல்வியையும் சேர்த்துப் பேசினார்கள். ஜூலை 22-ல் அவர் தேசிய டீமை விட்டே விலகினார். லோவ் வாயைத் திறந்தபோது ஓசில் டீமில் இல்லை.

எங்கள் கணக்கு 13 வருஷம். சுமந்தது ஒரே தலை. பதிலுக்குச் சொல்ல அவனிடம் மைக்கும் இல்லை.

அவரிடம் எப்படிப் போவது

தலை யாருடையது என்று தெரிந்துவிட்டால், வேறு யாரிடமும் பேசுவதற்கு முன்னால் அவரிடம் போக வேண்டும். எப்படிப் போவது என்பதில் நாங்கள் இரண்டு முறை தவறினோம், அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

முதல் முறை ஐந்து பேராகப் போனோம். ஒருவர் கையில் பழக்கூடை, இன்னொருவர் கையில் சால்வை. ஞாயிற்றுக்கிழமை, அவன் மனைவியும் மகளும் வீட்டில் இருந்தார்கள். மகளுக்கு அப்பா பந்தாடியதே தெரியாது. வாசலில் ஐந்து பேரைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது. “எல்லாம் முடிஞ்சி போச்சுண்ணே” என்று சிரித்துவிட்டுக் கதவருகிலேயே அனுப்பிவிட்டான். பழக்கூடை திண்ணையிலேயே இருந்தது.

இரண்டாம் முறை ஒரு நண்பர் போனில் பேசி, “மாஸ்டர் ஒத்துக்கிட்டாரே, மனசுல வெச்சிக்காத” என்று சொல்லிவிட்டார். நல்ல மனசில் சொன்னதுதான். ஆனால் அவன் வாயைத் திறக்குமுன்பே மன்னிக்கும் வேலையை அவன் தலையில் வைத்த மாதிரி ஆயிற்று. அதற்குப் பிறகு ஒரு மாதம் யார் போனையும் எடுக்கவில்லை.

மூன்றாம் முறை நான் தனியாகப் போனேன். அவன் வண்டி நிற்கிற இடத்துக்கு, விடியற்காலை நாலரைக்கு, அவன் லோடுக்குக் காத்திருக்கிற நேரத்தில். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. போனதும் மாஸ்டரைப் பற்றிப் பேசவில்லை. என்னைப் பற்றிச் சொன்னேன்.

ஆக, ஒருவராகப் போங்கள். அவர் நம்புகிற ஒருவர் இருந்தால் அவர் போகட்டும். வீட்டு வாசல் வேண்டாம், அவருக்குச் சௌகரியமான இடத்துக்குப் போங்கள். போனில் வீடியோ காட்டாதீர்கள், அவர் ஏற்கெனவே பார்த்திருப்பார். மன்னிக்கச் சொல்லாதீர்கள். மன்னிக்காதே என்றும் சொல்லாதீர்கள். “உனக்கு என்ன வேணும்?” என்று கேட்டுவிட்டு, பதில் அன்றே வராது என்று தெரிந்துகொண்டு திரும்பி வாருங்கள்.

நம் பங்கைச் சொல்வது

கோச் ஒருவர் பொய் சொன்னார், சரி. அதை ஏரியா முழுக்கக் கொண்டுபோனது யார்? ரசிகர்கள். நான் கடையில் நின்று “அவனாலதான் போச்சு, முட்டி சரியில்லன்னா ஒக்கார வேண்டியதுதானே” என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், கணக்கில்லை. அவன் வந்து சொன்னபோது, “சரி விடு தம்பி” என்றேன். அந்த “சரி விடு” அவனுக்குப் பொய்யனென்று சொன்ன மாதிரியே கேட்டிருக்கிறது. நாலரை மணி இருட்டில் அதைத்தான் சொன்னேன்: “நீ சொன்னப்ப நான் நம்பல. கடையில உன்னப் பத்தித் தப்பாப் பேசினேன். தப்பு என்னுதும்தான்.”

மாஸ்டரின் பேச்சை எடை போட்ட அதே தாளை எடுத்து உங்கள் வார்த்தையையும் எழுதிப் பாருங்கள். “அப்ப எல்லாரும் அப்படித்தான் நெனச்சோம்” என்று எழுதினால் அடித்துவிடுங்கள். எல்லாரும் என்றால் யாரும் இல்லை. நீங்கள் எந்த இடத்தில், எந்த வார்த்தையைச் சொன்னீர்களோ அதைச் சொல்லுங்கள். உங்களுக்கு மறந்திருக்கலாம், அவருக்கு மறந்திருக்காது. நான் மறந்த ஒன்றை அவன் ஞாபகம் வைத்திருந்தான்: அடுத்த சீசன் ஜெர்சி அடிக்கும்போது அவன் கடை வாசலில் நின்றிருக்கிறான். 3-ஐ வேறு பேரோடு ஒட்டியதைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். நான் அவனைக் கவனிக்கவே இல்லை.

பேனர், சால்வை, செருப்பு

ஒப்புக்கொண்ட மறுநாளே என் கடைக்கு இரண்டு ஆர்டர் வந்தது. ஒன்று மாஸ்டரைப் பாராட்டி ஃப்ளெக்ஸ், இன்னொன்று அவரைக் கண்டித்து. இரண்டையும் ஒரு வாரம் தள்ளிப் போடச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து யாரும் வரவில்லை. உங்கள் ஏரியாவில் பிரிண்டிங் கடைக்காரர் யாரோ, அவரிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

கோச்சின் வீட்டுக்குப் போய் நிற்காதீர்கள். அவர் பிள்ளைகளின் பேரை இழுக்காதீர்கள்.

சின்னப் பையன்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். 2012-ல் எங்கள் ஜூனியர் டீமில் பாதிப் பேர் பிறக்கவே இல்லை. அவர்கள் பார்த்தது அந்த 22 செகண்ட் மட்டும். ஒரு பிராக்டிஸ் முடிந்ததும் கிரவுண்டிலேயே உட்கார வைத்து முழுக் கதையையும் சொன்னோம், மூணாம் நம்பர் சம்மதம் கொடுத்த பிறகு. ஒரு பையன் கேட்டான்: “அவரு வேணாம்னு சொன்னப்ப வேற பிளேயருங்க யாரும் சொல்லலியா?” அன்று பெஞ்சில் இருந்த இரண்டு பேர் அங்கேதான் நின்றிருந்தார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை.

கோச்சிடம் என்ன கேட்பது

அழுகை நின்ற பிறகு, வேலை கேளுங்கள். வார்த்தை வந்துவிட்டது, அதற்கு அடுத்து என்ன என்று. கோபமாகக் கேட்க வேண்டியதில்லை. எங்கள் மாஸ்டரிடம் நாங்கள் கேட்டது, இப்போது இருக்கிற இளம் கோச்சுகளிடம் அந்த ஆட்டத்தைப் பற்றி அவரே உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்று. சொன்னார், இரண்டு மணி நேரம். அதிலிருந்து டீமில் ஒரு வழக்கம் வந்தது: ஆடுகிறவன் “வேண்டாம்” என்றால் அதோடு பேச்சு முடிந்தது. கோச், கமிட்டி, அப்பா, யாரும் இரண்டாவது தடவை கேட்கக் கூடாது. “ஆடுறேன்” என்று அவனே சொன்னாலும், முட்டியோ கணுக்காலோ வீங்கியிருந்தால் பிசியோவைப் பார்த்துவிட்டுத்தான். ஏ.சி.எல். ஆபரேஷன் ஆன பையன் ஒன்பது மாதத்துக்குள் இறங்கக் கூடாது, அதற்கு மேலும் டாக்டர் சொன்னால்தான். இதை ஒரு போர்டில் எழுதி டிரெஸ்ஸிங் ரூமில் மாட்டியிருக்கிறோம். போர்டை நான் காசு வாங்காமல் அடித்துக் கொடுத்தேன்.

ரசிகர்களுக்கும் அதில் ஒரு வரி உண்டு. காயம்பட்ட பையன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் கேலரியிலிருந்து அவன் பேரைச் சொல்லி இறக்கச் சொல்லிக் கத்தக் கூடாது. 2012-ல் நாங்கள் கத்தினோம். மாஸ்டர் அதை ஒரு சாக்காகச் சொல்லவே இல்லை, நாங்களாகத்தான் நினைவுக்குக் கொண்டுவந்தோம்.

பொய் சொன்ன இடத்திலேயே

மூன்று வாரம் கழித்து மூணாம் நம்பர் எனக்கு போன் செய்தான். என்ன வேண்டும் என்று கேட்டிருந்தேனே, அதற்குப் பதில். பணமும் இல்லை, மேடையும் இல்லை. “ஃபங்ஷன்ல சொன்னது எனக்கு வேணாம்ணே. டீக்கடையில சொன்னாரு இல்ல, அங்கியே சொல்லச் சொல்லுங்க. அன்னைக்கு இருந்தவங்க இருக்கணும்.”

இது எனக்குத் தோன்றியதே இல்லை. இப்போது யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன். பழி எந்த இடத்தில் போடப்பட்டதோ, அதே இடத்தில், அதே காதுகள் கேட்க, இறக்கி வைக்கப்பட வேண்டும். நாளிதழ் பேட்டியில் ஒருவரைக் குறை சொன்ன கோச் என்றால் நாளிதழில். டிரெஸ்ஸிங் ரூமில் என்றால் அங்கே. பெரிய மேடை வேண்டுமென்றில்லை. பெரிய மேடை சில சமயம் சொல்கிறவருக்குத்தான் உதவுகிறது.

ஏற்பாடு சிரமமில்லை, பொறுமைதான் வேண்டும். 2012-ல் அன்று சாயங்காலம் டீக்கடையில் நின்றவர்கள் யார் யார் என்று பட்டியல் எடுத்தோம். பதினோரு பேர். இருவர் இறந்துவிட்டார்கள், ஒருவர் ஓசூரில். மிச்சம் எட்டு பேரையும் ஒரே நாளில் வரவழைக்க நான்கு வாரம் ஆனது. டீக்கடைக்காரரிடம் முன்பே சொல்லி வைத்தோம், கூட்டம் குறைகிற பதினோரு மணிக்கு. யாரும் போனை வெளியே எடுப்பதில்லை என்று பேச்சு. மாஸ்டரிடம் போய்ச் சொன்னபோது, அவர் நாள் கேட்டார், வேறெதுவும் கேட்கவில்லை.

வந்தார். விழாவில் சொன்னதைவிடக் குறைவாகத்தான் சொன்னார். மூணாம் நம்பரின் பேரைச் சொல்லி, “அவன் அடம் புடிக்கல. நான் பொய் சொன்னேன்” என்றார். குரல் கொஞ்சம் அடைத்தது, ஆனால் அழவில்லை. யாரும் கை தட்டவில்லை. டீக்கடைக்காரர் அடுப்பைக் குறைத்தார்.

மூணாம் நம்பர் பெஞ்சின் ஓரத்தில், வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். மாஸ்டரை நிமிர்ந்து பார்த்தான். “சரி மாஸ்டர்” என்றான். பாதி டீ குடித்திருந்தான். “வண்டி ரோட்டுல நிக்குதுண்ணே” என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுந்து போனான்.